ஒரே சாலை, பல கண்கள்

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திலிருந்து வெளியே வந்து, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கால் வைக்கும் பயணிகளைக் கவனித்திருக்கிறீர்களா? சென்னையிலிருந்து வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஊரு எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்பார். சிங்கப்பூரிலிருந்து வந்தவரோ அதே இடத்தில் நின்றுகொண்டு, பூக்கடைக்குப் பக்கத்துக் கால்வாயில் கிடக்கும் நெகிழிப்பையைச் சுட்டிக்காட்டி, "இதை ஏன் யாரும் எடுக்கிறதில்ல?" என்று கேட்பார். இருவரும் பார்ப்பது ஒரே சாலையைத்தான். இருவர் சொல்வதும் பொய்யன்று. ஒருவர் தம் ஊரின் தெருவை மனத்தில் வைத்துக்கொண்டு அளக்கிறார், மற்றவரும் அப்படியே.

பிரிக்பீல்ட்ஸிலேயே குடியிருப்பவரைக் கேட்டால் என்ன சொல்வார்? பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். நாள்தோறும் நடந்து செல்லும் சாலையை நம் கண்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றன. பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனை குப்பைத் தொட்டிகள் இருக்கின்றன என்று திடீரென யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் உடனே விடை சொல்ல முடியும்?

வெளிநாட்டுப் பயணம் இந்தப் பழகிப்போன பார்வையை உலுக்குகிறது. தமிழில் பயண இலக்கியம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1930-களில் ஜப்பானில் புகைப்படக் கலை பயின்ற ஏ.கே. செட்டியார் தம் பயணங்களைப் பற்றி நிறைய எழுதினார், தி. ஜானகிராமன் ஜப்பான் சென்று வந்து 'உதய சூரியன்' என்னும் நூலைப் படைத்தார். பயண நூலைப் படிக்கும்போது நமக்கு இரண்டு ஊர்கள் தெரிகின்றன. ஒன்று எழுத்தாளர் சென்ற ஊர். மற்றொன்று அவர் விட்டு வந்த ஊர். எதைக் கண்டு ஒருவர் வியக்கிறார் என்பதை வைத்தே அவருடைய ஊரில் எது இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரையில் சாலையோரக் குப்பை என்னும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வெவ்வேறு நாடுகளின் கண்களால் அதைப் பார்ப்போம். அதற்கு முன், நம் சாலையில் கிடக்கும் குப்பை எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிரிக்பீல்ட்ஸின் ஓரமாகக் கிள்ளான் ஆறு ஓடுகிறது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, உலு கிள்ளான் மலைப்பகுதியிலிருந்து இறங்கி, மஸ்ஜிட் ஜாமெக் அருகே கோம்பாக் ஆற்றோடு கலக்கிறது. அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸைக் கடந்து, பழைய கிள்ளான் சாலை வட்டாரம், பூச்சோங், ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் நகரை அடைகிறது. பின்னர்க் கிள்ளான் துறைமுகத்திற்கு அருகில் மலாக்கா நீரிணையில் விழுகிறது. ஒருவர் கடையில் தே தாரிக் வாங்குகிறார். அதை நெகிழிப்பையில் ஊற்றி, ரப்பர் வளையம் மாட்டிக் கொடுக்கிறார்கள். குடித்து முடித்ததும் அந்தப் பை கடைவரிசையின் அஞ்சடி ஓரமாக விழுகிறது. மாலையில் நம் ஊருக்கே உரிய மழை கொட்டுகிறது. பை கால்வாய்க்குள் புகுகிறது. கால்வாய் ஆற்றோடு சேர்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரர் குடித்த தேநீரின் பை, கிள்ளானில் இருக்கும் அவருடைய அத்தை வீட்டைத் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். இடையில் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் கால்வாயை அடைக்கும். அடைபட்ட கால்வாயின் நீர் சாலைக்கு ஏறுவதைப் பள்ளத்தாக்கில் வாழும் நாம் யாரும் புதிதாகக் கேள்விப்பட வேண்டியதில்லை.

ஆற்றில் மிதக்கும் குப்பையைத் தடுக்க மிதவைத் தடுப்புகள் போடப்பட்டுள்ளன. 2019-ஆம் ஆண்டில், நெதர்லாந்தைச் சேர்ந்த தி ஓஷன் கிளீனப் என்னும் அமைப்பு உருவாக்கிய, சூரிய ஆற்றலால் இயங்கும் குப்பை வாரும் கலம் ஒன்று கிள்ளான் ஆற்றில் நிறுத்தப்பட்டது. உலகில் அத்தகைய கலம் முதலில் நிறுத்தப்பட்ட ஆறுகளுள் நம் ஆறும் ஒன்று. இதில் பெருமைப்படவும் இடமுண்டு, வெட்கப்படவும் இடமுண்டு. உலகத்துப் பொறியாளர்கள் குப்பை வாருவதற்கு ஆறு தேடியபோது அவர்கள் கண்ணில் பட்டது நம் ஆறு அல்லவா?

கால்வாயில் விழாமல் தொட்டியில் விழும் குப்பைக்கும் ஒரு பயணம் உண்டு. கோலாலம்பூரின் குப்பை உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் நிலநிரப்பிடத்திற்கு லாரிகளில் செல்கிறது. கிள்ளானின் குப்பை கோல சிலாங்கூர் மாவட்டத்து ஜெராமுக்குச் செல்கிறது. தொட்டியில் போட்டதும் குப்பை மறைந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். அது மறைவதில்லை, வேறொருவர் ஊருக்குப் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

முதலில் ஜப்பானுக்குச் செல்வோம். தோக்கியோவுக்குச் சுற்றுலா சென்று வந்த மலேசியர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: "சாலையில் குப்பையும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை." கையில் ஒரு காலிப் புட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்த கதையை அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தொட்டிகள் குறைந்ததற்குப் பின்னால் ஒரு துயரச் செய்தி இருக்கிறது. 1995-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், தோக்கியோ சுரங்க ரயில்களில் ஒரு கும்பல் சாரின் என்னும் நச்சுவாயுவைப் பரப்பியது. அதன்பின் பாதுகாப்பு கருதி நிலையங்களிலும் பொது இடங்களிலும் இருந்த தொட்டிகள் பெருமளவில் அகற்றப்பட்டன. தொட்டி போனால் குப்பை பெருகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அங்கே மக்கள் குப்பையைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள்.

இதற்கு அவர்களுடைய பள்ளிக்கூடத்தைக் காரணமாகச் சொல்வார்கள். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவர்களே தங்கள் வகுப்பறையையும் நடைவழியையும் துடைக்கிறார்கள். தரையைத் தானே துடைத்தவன் அதில் காகிதத்தைப் போட யோசிப்பான். 1998-ஆம் ஆண்டு பிரான்சு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியிலிருந்து, ஜப்பானிய இரசிகர்கள் ஆட்டம் முடிந்தபின் தங்கள் இருக்கைகளைச் சுற்றியுள்ள குப்பையைப் பொறுக்கிவிட்டுச் செல்வதை உலகம் பார்த்து வருகிறது. தங்கள் அணி தோற்ற நாளிலும் அவர்கள் பொறுக்கினார்கள்.

இதையெல்லாம் கேட்டவுடன், "அவங்க இரத்தத்திலேயே அது இருக்கு, நமக்கு வராது" என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. இரத்தத்தில் இருந்திருந்தால் 1960-களின் தொடக்கத்தில் தோக்கியோ தூய்மையாக இருந்திருக்க வேண்டும். அப்போது அந்த நகரின் ஆறுகள் நாறின; தெருக்களில் குப்பை குவிந்து கிடந்தது. 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்கு உலகமே வரப்போகிறது என்ற நிலையில்தான் நகரைத் தூய்மைப்படுத்தும் பெரிய இயக்கம் தொடங்கியது. வெளிநாட்டார் வந்து பார்ப்பார்களே என்ற கவலை அவர்களையும் உலுக்கியது. அதாவது, நாம் வியந்து பார்க்கும் ஜப்பானே ஒரு காலத்தில் பிறர் கண்களால் தன்னைப் பார்த்துக் கூச்சப்பட்டிருக்கிறது.

தாய்வானின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1990-களின் தொடக்கத்தில் 'குப்பைத் தீவு' என்ற இழிபெயர் அதற்கு இருந்தது. பின்னர், குப்பை தரையைத் தொடவே கூடாது என்று விதி செய்தார்கள். அங்கே குப்பை லாரி பீத்தோவனின் பியானோ இசையை ஒலித்துக்கொண்டு தெருவுக்குள் வரும். இசை கேட்டதும் மக்கள் தங்கள் பைகளோடு வெளியே வந்து, தாங்களே லாரியில் போடுவார்கள். தைப்பே நகரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து குப்பை போடுவதற்கென விற்கப்படும் பையை விலை கொடுத்து வாங்க வேண்டும். மறுபயனீட்டுப் பொருள்களுக்குக் கட்டணமில்லை. எவ்வளவு குப்பை சேர்க்கிறோமோ அவ்வளவு செலவு. நம் நாட்டில் ஐஸ்கிரீம் வண்டிக்கும் ரொட்டி விற்கும் மோட்டார்சைக்கிளுக்கும்தான் நாம் இப்படி ஓடுவோம்! ஆனால், பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குச் செல்லும் கிள்ளான் அடுக்குமாடி வீட்டில், லாரி வரும் நேரத்தில் யார் இறங்கிப் போவது என்ற கேள்வி எழும். அயல்நாட்டு வழக்கத்தை அப்படியே பெயர்த்து வந்து நட முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சிங்கப்பூரை நாம் வெளிநாடு என்றே நினைப்பதில்லை. அங்கே நமக்கு மாமாவும் சித்தியும் இருக்கிறார்கள். அதனால்தான் அதிலிருந்து கற்பதற்கு அதிகம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள், அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்னும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அபராதமும் விழிப்புணர்வும் சேர்ந்தே வந்தன. 1977-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைப் பணி 1987-இல் நிறைவுற்றது. பத்து ஆண்டுகள் பிடித்தன. 1992-இல், குப்பை போட்டவர்களைப் பொது இடத்தில் துப்புரவுப் பணி செய்ய வைக்கும் தண்டனை வந்தது. குற்றவாளி பளிச்சென்ற நிறத்து மேலங்கி அணிந்து, எல்லாரும் பார்க்கக் குப்பை பொறுக்க வேண்டும்.

ஜொகூர் பாரு பாலத்தைத் தாண்டும் நம்மவர்களிடம் ஒரு விந்தையைக் காணலாம். அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமானது. அதன் ஒரு முனையில் மிட்டாய்த் தாளைக் காரின் சன்னல் வழியே வீசும் ஒருவர், மறுமுனையில் அதே தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். ஒரு கிலோமீட்டருக்குள் அவருடைய பண்பாடு மாறிவிட்டதா? இல்லை. தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான் மாறியிருக்கிறது. அவரால் குப்பை போடாமல் இருக்க முடியும் என்பதை அவரே மெய்ப்பித்துவிட்டார். 'மலேசியர்களுக்கு இது வராது' என்பவர்களுக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியே பதில்.

ஆனால், சிங்கப்பூரர்களே தங்களைப் பற்றி வேறுவிதமாகப் பேசுவதை அங்கே சென்றால் கேட்கலாம். "நம்ம ஊர் சுத்தமான ஊரா, இல்ல சுத்தம் செய்யப்படும் ஊரா?" என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். நாம் காலையில் காணும் தூய்மைக்குப் பின்னால், விடியுமுன் உழைத்துவிட்டுப் போன பெருந்தொகையான துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். 1968-இல் தொடங்கிய இயக்கத்திற்கு ஐம்பது வயது கடந்தபின்னும், 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில், உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காதவர்மீது நடவடிக்கை எடுக்கும் நடைமுறையைத் தொடங்க வேண்டியிருந்தது. அச்சம் ஒரு பழக்கத்தைத் தொடங்கி வைக்கும். அந்த அச்சம் விலகிய பிறகும் பழக்கம் நிலைக்குமா என்பதற்கு விடை அங்கேயும் இன்னும் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை.

இனித் தமிழ்நாடு. நம் மாணவர்கள் விடுமுறையில் தமிழகம் சென்று திரும்பியதும் சொல்லும் முதல் வாக்கியம் பல வேளைகளில் "அங்கே ஒரே குப்பை" என்பதாகவே இருக்கிறது. கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால், கண் ஒரு பாதியைத்தான் காண்கிறது.

மலேசியர் ஒருவர் சராசரியாக ஒரு நாளில் ஒரு கிலோவுக்கும் மேலான குப்பையை உண்டாக்குகிறார். இந்தியர் ஒருவர் உண்டாக்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். தெருவில் அதிகமாகத் தெரிவதால் அங்கே குப்பை அதிகம் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். நம்முடைய குப்பை கறுப்புப் பையில் கட்டப்பட்டு, லாரியில் ஏறி, புக்கிட் தாகாருக்கும் ஜெராமுக்கும் போய்விடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. குப்பை தெருவில் கிடப்பது ஒரு சிக்கல். குப்பை மிகுதியாக உருவாவது வேறொரு சிக்கல். முதலாவது அங்கே பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவது நம்மிடம் மறைந்திருக்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். அவர்கள் காலத்தில் கடைக்குத் துணிப்பை போனது. எண்ணெய்க்குப் போத்தல் போனது. வீட்டில் தூக்கி எறிய அதிகம் இருக்கவில்லை.

தமிழகத் தெருக்களில் பழைய தாளும் இரும்பும் வாங்க மிதிவண்டியிலும் தள்ளுவண்டியிலும் வருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். போத்தல், அட்டைப்பெட்டி, உடைந்த வாளி என எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒரு விலை சொல்வார்கள். மறுபயனீடு என்று நாம் சுவரொட்டி ஒட்டிக் கற்பிப்பதை அவர்கள் பிழைப்பாகவே செய்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்கள் பதினான்கைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு காலத்தில் மஞ்சள் துணிப்பையோடு நகரத்துக்கு வருபவரைப் பட்டிக்காட்டான் என்று ஏளனம் செய்தார்கள். திரைப்படங்களிலும் அது கேலிப்பொருளானது. இப்போது அரசே அந்தப் பையைக் கையில் எடுங்கள் என்கிறது. தடை எல்லா இடங்களிலும் முழுமையாக நடைமுறையில் இருக்கிறதா என்றால் இல்லை. இருந்தும், 'அங்கே ஒரே குப்பை' என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர் இதையெல்லாம் பார்க்கத் தவறிவிடுகிறார்.

சிலாங்கூரும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அம்மாநிலத்தில் கடைகளில் நெகிழிப்பைக்கு 20 சென் வாங்கப்படுகிறது. அதே ஆண்டு உணவு கட்டித் தரும் பொலிஸ்டிரின் பெட்டிகளும் தடை செய்யப்பட்டன. கையில் சில்லறை இருக்கும்போது 20 சென் பெரிதாகத் தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வேடிக்கை உண்டு. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, கோலாலம்பூர் அதன்கீழ் வந்தது. சிலாங்கூர் அதில் சேரவில்லை. எனவே, பிரிக்பீல்ட்ஸின் குப்பை ஓர் ஏற்பாட்டின்கீழும் கிள்ளானின் குப்பை மற்றோர் ஏற்பாட்டின்கீழும் அள்ளப்படுகின்றன. வீட்டிலேயே குப்பையைத் தாள், நெகிழி, பிற பொருள்கள் எனப் பிரித்து வைக்க வேண்டும் என்னும் விதி 2015 செப்டம்பரில் கோலாலம்பூரில் கட்டாயமானது. அண்ணன் கோலாலம்பூரிலும் தம்பி கிள்ளானிலும் குடியிருந்தால், அண்ணனைக் கட்டுப்படுத்தும் அந்த விதி தம்பியைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆற்றுக்கு இந்த எல்லை தெரியுமா? அது இரண்டு வீட்டுக் குப்பையையும் ஒன்றாகவே சுமந்துகொண்டு போகிறது. 2024 பிப்ரவரியில் கிள்ளான், அரச மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. தகுதி உயர்ந்ததால் மாநகர் மன்றத்தின்மீது மக்களின் எதிர்பார்ப்பும் உயர்ந்திருக்கிறது.

அண்மையில் ஒரு பெரிய மாற்றம் வந்துள்ளது. 2025-இல் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியது. 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போட்டுக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு 2,000 ரிங்கிட் வரையிலான அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூகச் சேவை செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். திடக்கழிவுச் சட்டத்தோடு, ஊராட்சி மன்றங்கள் பயன்படுத்தும் பிற சட்டங்களும் திருத்தப்பட்டதால் சிலாங்கூருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. சிங்கப்பூர் 1992-இல் எடுத்த வழியை நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எடுத்திருக்கிறோம். 'பிறர் முன்னிலையில் குப்பை பொறுக்க வைப்பது அவமானப்படுத்துவது ஆகாதா?' என்று சிலர் கேட்கிறார்கள். வகுப்பில் விவாதிக்கத்தக்க கேள்வி இது. ஆனால், விவாதிக்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குப்பை பொறுக்குவது அவமானம் என்றால், அதையே நாள்தோறும் நமக்காகச் செய்பவரை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம்?

தைப்பூசத்தைப் பற்றிப் பேசாமல் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் இந்தப் பொருளைக் கடக்க முடியாது. பத்துமலைக்கு இலட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். அன்பாக அழைத்து மோரும் சோறும் தருகிறார்கள். அந்த அன்பு நெகிழிக் குவளையில் வருகிறது. மோரைக் குடித்தவர் நான்கடி நடப்பதற்குள் குவளை கீழே கிடக்கிறது. கையில் தொட்டி தென்படவில்லை, பின்னால் கூட்டம் தள்ளுகிறது, பால்குடம் ஏந்திய அக்காவைத் தவறவிடக் கூடாது. காரணங்கள் இருக்கின்றன. ஆயினும், அதே கூட்டத்தில் வெளிநாட்டுப் பயணிகளும் புகைப்படக் கருவியோடு நிற்கிறார்கள். அவர்கள் காவடியையும் படமெடுக்கிறார்கள். காவடியின் காலடியையும் படமெடுக்கிறார்கள். இப்போது இளைஞர்கள் தொண்டர்களாகக் கூடிப் பை பையாக அள்ளுவதையும், சில பந்தல்களில் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் திரும்பி வந்திருப்பதையும் காணலாம். வீட்டிலிருந்து ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு செல்வது அத்தனை கடினமன்று. மஞ்சள் உடுத்தி, விரதம் இருந்து, 272 படி ஏறுகிறவருக்கு ஒரு டம்ளர் சுமையாகிவிடுமா?

கீழே கிடக்கும் குவளையைப் படத்திலிருந்து வெட்டிவிடலாம். கொசுவிடமிருந்து மறைக்க முடியாது. மழை பெய்த பின் ஒரு குவளையில் தேங்கும் இரண்டு விரற்கடை நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். நாட்டில் டிங்கிக் காய்ச்சல் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். காய்ச்சலில் படுத்த பிள்ளையின் படுக்கையருகே அமர்ந்து இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்களுக்குச் சாலையோரக் குவளை அழகைக் கெடுக்கும் பொருளாக மட்டும் தெரியாது.

நாம் இதுவரை வெளிநாடு செல்லும் பயணியின் கண்களைப் பற்றியே பேசினோம். நம் சாலையை எல்லாரையும்விட அருகிலிருந்து பார்க்கும் வெளிநாட்டார் ஒருவர் இருக்கிறார். அவர் சுற்றுலாப் பயணி அல்லர். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடைகள் திறப்பதற்கு முன், துடைப்பத்தோடும் சக்கரத் தொட்டியோடும் வரும் துப்புரவுப் பணியாளர் அவர். இன்று அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். "இந்தக் குப்பையெல்லாம் வெளிநாட்டுக்காரங்க போடுறதுதான்" என்று நம்மில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவு வரை லிட்டல் இந்தியாவில் துணியும் பலகாரமும் வாங்கிய கூட்டம் கலைந்த பிறகு, சாலையில் என்ன கிடக்கிறது என்பதைப் பார்த்தவர் அவர். அது யார் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் துடைப்பம் யாருடைய கையில் இருந்தது? கோலாலம்பூரில் சுகாதார வாரியம் 1890-இல் அமைக்கப்பட்டது. அதன் சாலைகளைப் பெருக்கவும் கால்வாய்களைத் தூர்வாரவும் கப்பலேறி வந்த தொழிலாளர்களில் தமிழர்கள் பலர். அவர்களும் அப்போது வெளிநாட்டார்தாம். விடியற்காலையில் எழுந்து இந்த நகரைத் துப்புரவு செய்த அந்தத் தாத்தாக்கள், சாலையில் எச்சில் இலையை வீசியெறிந்துவிட்டுப் போகும் கனவான்களைப் பற்றித் தங்கள் குடியிருப்புக்குத் திரும்பியதும் தமிழில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இன்று தெங்கு கிளானா சாலையைப் பெருக்கி முடித்துவிட்டு, ஒரு கடையின் அஞ்சடியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டே தொலைபேசியில் ஊருக்குப் பேசுகிறாரே அந்த இளைஞர், அவர் நம்மைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதும் நமக்குப் புரியாத மொழியில்தான் இருக்கிறது.